பெயின்றுக்கு முன்னர் பிறேக்

அக்கராயனில் ஒரு பொடியன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை முற்றத்தில் கழற்றிப் போட்டால் ஊர் இரண்டு விதமாகப் பேசும். "படிக்கிறதை விட்டுப்போட்டு இரும்போட மினக்கெடுறான்" என்று ஒரு பக்கம். "கெட்டிக்காரப் பிள்ளை, எதையும் பிரிச்சுப் பூட்டுவான்" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: கையில் இருக்கிற கொஞ்சக் காசு அந்தப் பைக்கில் எந்த இடத்துக்குப் போகிறது?

இப்போது எங்கள் பிள்ளைகளின் ஆசை 'அட்வென்சர்' பைக். உயர்ந்த உடம்பு, கட்டைப் பூ ரயர், ராங்கைச் சுற்றிக் காப்புக் கம்பி, பின்னுக்குப் பெட்டி, முன்னுக்கு எல்ஈடி லைற் வரிசை. புதிதாக வாங்க வழியில்லை. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. தொடங்கிய பிறகும் அந்த விலை நெல் விற்ற காசுக்கு எட்டாது, எங்களைப் போன்ற ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் எட்டாது. ஆகவே ஒரு பழைய சிடி 100, ஒரு பல்சர், கிடைத்தால் ஒரு ட்ரெயில் பைக் எடுத்துத் தாங்களே மாற்றிக் கட்டுகிறார்கள். லீசிங்கில் விழுந்து மாதா மாதம் தவணைக்கு ஓடுவதை விட இது எவ்வளவோ மேல். இதைப் பிழை என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

இந்த மண்ணில் இது புது வித்தையும் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் தட்டுப்பட்ட காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, பற்றாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். யப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட ஹொண்டா எம்டி 90, வன்னியின் கிறவல் றோட்டில் நெல் மூட்டையும் சுமந்தது, நோயாளியையும் சுமந்தது. அதற்கு யாரும் அட்வென்சர் என்று பெயர் வைக்கவில்லை. அன்றைய கராச்காரர்கள் புத்தகம் பார்த்து அதைத் திருத்தவில்லை. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுத் திருத்தினார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது வயது போய்விட்டது. அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவுமில்லை.

வெளியுலகக் கதையும் இதுக்குக் கிட்டத்தான். 1978 டிசம்பரில் பாரிசிலிருந்து டக்கார் நோக்கி முதல் பாலைவன ஓட்டப்போட்டி தொடங்கியது. வென்ற சிரில் நெவோ ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500. ஒற்றைச் சிலிண்டர், காற்றில் ஆறும் எஞ்சின், வழியில் நின்றால் கழற்றிப் பார்க்கக்கூடிய எளிமை. பாலைவனம் கடக்க உதவியது அந்த எளிமைதான். படத்தில் பார்க்கிற பெட்டியும் கம்பியும் லைற்றும் பின்னர் வந்த சேர்க்கைகள். எங்கள் பிள்ளைகள் பின்னர் வந்ததை முதலில் வாங்குகிறார்கள். எங்கள் கவலை அதுதான்.

கொஞ்சக் காசில் பைக் கட்டுகிறவருக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். நாங்கள் சொல்லும் ஒழுங்கு இது.

முதலாவது, புத்தகம். போரில் வாகனத்தையும் ஆவணத்தையும் சேர்த்துத் தொலைத்த பிரதேசம் இது. பதிவுப் புத்தகம் இல்லாத பைக் மலிவாக வந்தால் மனம் இளகும். இளகக் கூடாது. சேஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்தாத பைக்கில் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் ஒரு பொலிஸ் சோதனையோடு போய்விடும். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் பஸ், முச்சக்கரவண்டிகளில் பூட்டியிருந்த மேலதிக லைற்றுகளையும் அலங்காரங்களையும் பொலிஸார் கழற்ற வைத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பைக்குக்கு அது வராது என்று யாரும் எண்ண வேண்டாம்.

இரண்டாவது, பிறேக். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிற பைக் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடும். மாட்டைக் கண்டு கால் பிறேக்குக்குப் போவதற்குள் அந்த 17 மீற்றர் முடிந்துவிடும். மிச்சத்தைப் பிறேக் சூ பார்த்துக்கொள்ள வேண்டும். முறிகண்டியிலிருந்து அக்கராயன் ஊடாக ஜெயபுரம் போகிற வீதியில் இரவில் மாடு படுத்திருப்பதை நாங்கள் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை. பிறேக் சூ, கேபிள் இரண்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பழைய கடையில் தேடக் கூடாது.

மூன்றாவது, ரயர். கட்டைப் பூ ரயர் சேற்றுக்கும் மணலுக்கும் நல்லது. தார் றோட்டில் அதன் பூ மட்டும்தான் நிலத்தைத் தொடுகிறது. மழை நனைத்த தாரில் பிறேக் பிடித்தால் வழுக்கும். வேலைக்கும் பள்ளிக்கும் கிளிநொச்சிக்கும் ஓடுகிறவருக்கு, தாரிலும் கிறவலிலும் பாதிக்குப் பாதி உதவும் நடுத்தரப் பூ போதும். பூ தேய்ந்து மொட்டையான ரயரில் ஆயிரம் அலங்காரம் இருந்தும் பயனில்லை.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாதவை: ஹாண்டில் கழுத்தின் கோன் செற், சில்லுப் பெயாரிங், செயின் செற். கிறவல் குலுக்கலில் முதலில் தளர்வது இவைதான். பின்னுக்கு நீளமான சொக் போட்டு உயர்த்தினால் செயினின் இழுவை மாறும், பக்க ஸ்ராண்டில் பைக் அளவுக்கு மேல் சாயும், ஹாண்டில் பிடியின் குணமும் மாறும். உயர்த்திவிட்டு இவற்றைப் பார்க்காமல் விடுவது பாதி வேலை. வெல்டிங்கில் ஒரே சொல்: பெட்டி வைக்கும் கரியரை வெல்ட் பண்ணுங்கள். கழுத்திலும் முன் ஃபோர்க்கிலும் வெல்டிங் கம்பி படக்கூடாது. சில்லு அச்சுக்குப் பதிலாக அளவுக்கு வெட்டிய சாதாரண இரும்புக் கம்பி செருகவே கூடாது.

ஐந்தாவது, கரண்ட். 12 வோல்ட் பைக்கில் 36 வாட் லைற் எரிந்தால் 3 அம்பியர் இழுக்கும். சின்ன எஞ்சினின் மின்பிறப்பு, ஹெட்லைற், ஹோர்ன், சிக்னல் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. வரிசையாக லைற் பூட்டினால் பற்றரி படுக்கும், வயர் சூடேறும், எதிரே சைக்கிளில் வருகிற ஐயாவுக்குக் கண் கூசும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மிச்சக் காசில் பெயின்ற் அடியுங்கள், கம்பி பூட்டுங்கள். ராங்க், சீற், மட்காட், ஹாண்டில் எல்லாம் பழசாக வாங்கலாம். அவை பழசாக இருப்பதால் யாரும் விழுவதில்லை. நாங்கள் சொல்கிற கணக்கு பத்துக்கு ஏழு: பத்து ரூபாயில் ஏழு ரூபாய் ஓடுவதற்கும் நிற்பதற்கும், மூன்று ரூபாய் பார்வைக்கு. காபிரேற்றரைச் சுத்தம் செய்து ஒழுங்காகச் செற் பண்ணுவது அந்த ஏழுக்குள் வரும். 2022இல் கியூஆர் கோட்டில் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாங்கள் அதன் அருமை அறிவோம்.

அட்வென்சர் என்ற சொல்லுக்குப் பின்னால் காட்டுப் பாதை இருக்கிறது. இது வன்னி. எங்கள் மாவட்டத்தின் முகமாலையில் போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் கண்ணிவெடி கிளறினார்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வண்டியைத் திருப்புங்கள். ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் புது வழி போட வேண்டாம். பெட்டி செய்ய, கம்பி செய்யப் பழைய இரும்பு தேடுகிறவர்கள், என்னவென்று தெரியாத இரும்பைத் தொடவோ தட்டவோ கூடாது. இடத்தை அடையாளம் வைத்துப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. கல்வியியற் கல்லூரியில் ஆசிரிய மாணவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது, தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போ என்பது. முன் பல்லுச் சில்லில் 14 பல், பின்னதில் 42 பல் என்றால் விகிதம் 1க்கு 3 என்று கராச்சில் நிற்கிற பிள்ளைக்குத் தெரியும். அதே பிள்ளை வகுப்பில் விகிதசமன் கணக்கு வந்தால் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கிறான். அவனுக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம் என்றால் குறை எங்கள் எல்லாரிலும் இருக்கிறது. முற்றத்தில் இரும்பு கிடக்கிறது என்று ஏசுவதற்கு முதல், அந்த இரும்பை வைத்து ஒரு கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

வழியும் தூரத்தில் இல்லை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இலிருந்து இருக்கிறது. அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழினுட்பம் படிக்கலாம், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். பள்ளிக்கூடம் முடிக்காமலே ஆண்டுக்கணக்காகக் கராச்சில் வேலை செய்கிறவர்களுக்கும் வழி உண்டு: கையில் இருக்கிற அனுபவத்தைச் சோதித்து அதே தகைமையை வழங்குகிற முறை இருக்கிறது. நைற்றாவில் விசாரியுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் கொழும்பிலும் வெளிநாட்டிலும் அதற்குக் கேள்வி இருக்கும். இல்லாதபோது எவ்வளவு கெட்டிக்காரனும் "கராச்சில நிக்கிற பொடியன்"தான்.

கராச் வைத்திருக்கும் அண்ணைமாரிடமும் ஒன்று கேட்கிறோம். ஸ்கந்தபுரத்திலோ கோணாவிலிலோ அக்கராயனிலோ, உங்களிடம் பொடியன் ஒருவன் லைற் பூட்ட வந்தால், பூட்டுவதற்கு முதல் அவன் பின்சில்லைச் சுற்றிப் பிறேக்கைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் "முதல்ல இதை மாத்து, லைற்றைப் பிறகு பாப்பம்" என்று சொல்லுங்கள். நாங்கள் வகுப்பில் பத்துத் தரம் சொல்வதை விட நீங்கள் ஒரு தரம் சொன்னால் அவன் கேட்பான். மாரி தொடங்கினால் தார் றோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னர் சொல்லிவிடுங்கள்.