இரண்டு வார வாத்தியார்!

நேபாள மலைக் கிராமங்களில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டு வாலிபர்கள் வந்து இறங்குகிறார்கள். சம்பளம் கிடையாது. ஏற்பாடு செய்யும் கம்பெனிக்குக் கைக்காசைக் கட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. நல்ல மனசுதான். சந்தேகமில்லை.

ஆனால் நடப்பது என்ன? இரண்டு வாரம் பாட்டு, விளையாட்டு, போட்டோ! பிள்ளைகளுக்கு முகம் பழகுகிற நேரத்தில் வாத்தியார் விமானம் ஏறிவிடுகிறார். அடுத்தவர் வந்து மறுபடியும் 'ஏ, பி, சி'யில் ஆரம்பிக்கிறார். பத்தாம் வகுப்பு அரசுப் பரீட்சையில் இங்கிலீஷும் ஒரு பாடம். அதை எழுதப்போவது வாத்தியாரா? பிள்ளைகள்தானே!

அமெரிக்க அதிபர் கென்னடி 1961-ல் தொடங்கிய 'பீஸ் கோர்' அமைப்பு, 1962-லேயே நேபாளத்துக்குத் தொண்டர்களை அனுப்பியது. அங்கே கணக்கு வேறு. முதல் 3 மாதம் பயிற்சி. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பாஷையைக் கற்க வேண்டும். அப்புறம் 2 வருஷம் வேலை.

அவர்களும் 2020-ல் கொரோனா வந்ததும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. கிராமத்தில் மிஞ்சியவர் யார்? உள்ளூர் ஆசிரியர்தான்! வருகிறவர் அவருக்குத் துணையாக நின்று சொல்லிக்கொடுத்தால் கற்றது ஊரில் தங்கும்.

அதற்குப் பொறுமையும் நாளும் வேண்டும். இல்லாதவர்கள் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் படிப்பில் விளையாட வேண்டாம்!