முதல் வேலையைக் கொடுப்பவர் யார்?

மூன்றாண்டு தாதிமைப் படிப்பை அண்மையில் முடித்த இளம்பெண் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலையில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்து ஏறுகிறாள். மடியில் ஒரு கோப்பு. அதனுள் டிப்ளோமா சான்றிதழ், மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவுச் சான்றிதழ், தடுப்பூசிக் குறிப்பு, இரண்டு நிழற்படங்கள். அக்காளின் கறுப்புக் காலணியை இரவல் வாங்கி அணிந்திருக்கிறாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் நேர்முகத் தேர்வு. அது பத்து நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

"எத்தனை ஆண்டு அனுபவம்?"

"இப்போதுதான் படிப்பை முடித்திருக்கிறேன்."

"சரி, நாங்களே அழைக்கிறோம்."

அழைப்பு வருவதில்லை. அடுத்த வாரம் வேறொரு மருத்துவமனை. அங்கும் இதே கேள்வி. வேலை விளம்பரங்களைப் புரட்டினால் பலவற்றிலும் ஒரே வரி: குறைந்தது ஈராண்டு அனுபவம் தேவை. நீச்சல் தெரிந்த பிறகே ஆற்றில் இறங்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இது. எல்லா மருத்துவமனைகளும் இதையே கேட்டால், அந்த ஈராண்டு அனுபவத்தை ஒருவர் எங்கே போய்ப் பெறுவார்?

புதிய பட்டதாரிகள் எல்லாத் துறைகளிலும் எதிர்கொள்ளும் சிக்கல்தானே இது என்று சிலர் கூறலாம். தாதிமை அப்படிப்பட்டதன்று. இத்துறைக்கு வருபவர் வகுப்பறையில் மட்டும் அமர்ந்து படித்தவர் அல்லர். படிப்புக் காலத்தின் கணிசமான பகுதியை மருத்துவமனை வார்டுகளில் பயிற்சியாளராகக் கழித்தவர். நோயாளியைக் குளிப்பாட்டியிருக்கிறார், புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார், நாடித் துடிப்பை எண்ணியிருக்கிறார், பிரசவ அறையில் நின்றிருக்கிறார். அதற்குப் பின்னர், தாதியர் வாரியம் நடத்தும் தேர்விலும் தேறியிருக்கிறார். 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற பிறகே ஒருவர் இந்நாட்டில் தாதியாகப் பணியாற்ற முடியும். பணியில் நீடிக்க ஒவ்வோர் ஆண்டும் உரிமச் சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும். இவர் நோயாளியைத் தொடத் தகுதியானவர் என்று சட்டம் சொல்லிவிட்டது. நேர்முகத் தேர்வு அறையில் மட்டும் அந்தத் தகுதி போதாமல் போய்விடுகிறது.

ஆயினும், மருத்துவமனைகளின் அச்சத்தை வெறும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. கடையில் புதிதாகச் சேர்ந்தவர் கணக்கில் பிழை செய்தால் பணம் போகும். வார்டில் புதிதாகச் சேர்ந்தவர் மருந்தின் அளவில் பிழை செய்தால் உயிர் போகும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். அதை அதிகாலை மூன்று மணிக்கு, இரண்டு அழைப்பு மணிகள் ஒருசேர ஒலிக்கும்போது, தூக்கக் கலக்கத்தோடு நினைவில் வைத்திருப்பது வேறு கதை. மார்லின் கிரேமர் என்னும் அமெரிக்கத் தாதிமை ஆய்வாளர் 1974இல் வெளியிட்ட நூலில் இந்த அதிர்ச்சியைத்தான் விவரித்தார். கல்லூரி கற்பித்த தாதிமைக்கும் வார்டில் நடக்கும் தாதிமைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் புதியவர்கள் விழுகிறார்கள்; சிலர் தொழிலையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவரது கருத்து.

பத்தாண்டுகளுக்குப் பின், 1984இல், பெட்ரிசியா பென்னர் அந்தப் பள்ளத்தைக் கடக்கும் வழியை ஐந்து படிகளாக விளக்கினார். விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்து உருவாக்கப்பட்ட ஒரு கோட்பாட்டை அவர் தாதிமைக்குப் பொருத்திப் பார்த்தார். தொடக்க நிலையிலுள்ளவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஒரே வகைப் பணிச்சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகே, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று தாமே திட்டமிடும் திறன் அவருக்கு வருகிறது. மருத்துவமனை விளம்பரங்கள் கேட்கும் ஈராண்டு இங்குதான் வந்து பொருந்துகிறது. அவை கேட்பது மூன்றாம் படியில் நிற்கும் தாதியை. முதலிரண்டு படிகளில் அவரைக் கைப்பிடித்து ஏற்றிவிடும் வேலையை வேறு யாராவது செய்துவிட வேண்டும் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு.

அந்த "வேறு யாராவது" யார் என்பதே கேள்வி. கல்லூரியால் அதைச் செய்ய முடியாது. வார்டின் முழுப்பொறுப்பு கைக்கு வராமல் அந்தத் திறன் வளராது. வீட்டில் அமர்ந்து படிப்பதாலும் வராது. அதைக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் மருத்துவமனைதான். ஆகவே, ஒரு தாதியின் முதலாண்டு வேலையைப் பாதி வேலையாகவும் பாதி கல்வியாகவும் கருத வேண்டும். அந்தக் கல்வியைக் கொடுக்கும் கடமை மருத்துவமனைக்கு உண்டு. புதியவர் எவரையும் உருவாக்காமல், பிறர் உருவாக்கியவரை மட்டும் தேடும் மருத்துவமனை, அடுத்தவர் நட்ட மரத்தில் பழம் பறிக்கிறது.

மலேசியாவின் அண்மைக்கால வரலாறும் இதையே காட்டுகிறது. தனியார் கல்லூரிகள் பெருகி, தாதிமைப் பட்டதாரிகள் பலர் வேலையின்றித் தவித்த காலம் ஒன்று இருந்தது. 2010ஆம் ஆண்டில் புதிய தாதிமைப் படிப்புகளைத் தொடங்குவதையே அரசாங்கம் நிறுத்தி வைத்தது. இன்றோ, தாதியர் பற்றாக்குறை என்ற பேச்சே எங்கும் கேட்கிறது. அனுபவம் முதிர்ந்தவர்கள் சிங்கப்பூருக்கும் சவூதி அரேபியாவுக்கும் செல்கிறார்கள். சிங்கப்பூர் 2024இல் தன் பொதுச் சுகாதாரத் துறைத் தாதியருக்கு, இருபதாண்டு காலப் பணியில் ஒரு லட்சம் வெள்ளி வரை ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. அண்டை நாடு அவ்வாறு கை நீட்டும்போது இங்குள்ள மருத்துவமனைகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று ஆள் இழுத்துக்கொண்டிருப்பதால் மொத்த எண்ணிக்கையில் ஒருவர்கூடக் கூடப் போவதில்லை. மிகுதியான காலத்திலும் கதவு மூடியிருந்தது. பற்றாக்குறைக் காலத்திலும் புதியவருக்கு அது அரைக்கதவாகவே திறக்கிறது. ஆள் கணக்கு மாறியிருக்கிறதே ஒழிய, அந்த ஈராண்டு வரி மாறவில்லை.

நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளையும் சற்றுப் பார்க்க வேண்டும். "நோயாளியின் இரத்த அழுத்தம் 80/50. நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார்கள். புதியவர்களில் சிலர் மருத்துவரைப் போலவே பதில் சொல்லித் தம்மை நிலைநாட்ட முயல்கிறார்கள், சிகிச்சையை அடுக்குகிறார்கள். வேறு சிலர், "நோயாளியைப் படுக்க வைத்து, அவரது நிலையைக் கவனித்து, அளவை மறுபடியும் எடுத்து, மூத்த தாதியை உடனே அழைப்பேன்" என்கிறார்கள். இரண்டாவது பதில் துணிவற்றதாகத் தோன்றலாம். உண்மையில் பாதுகாப்பான பதில் அதுவே. தன் எல்லை எதுவென்று அறிந்தவரை வைத்துக்கொண்டு ஒரு வார்டை நடத்தலாம்; அறியாதவரை வைத்துக்கொண்டு நடத்த முடியாது. தேர்வாளர்கள் தேட வேண்டிய குணம் இதுதான். அதற்கு ஈராண்டு அனுபவம் தேவையில்லை.

இன்னொன்றும் விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதிய பாட்டி ஒருவர் வார்டில் படுத்திருக்கிறார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கடுப்பா இருக்கு" என்கிறார். சற்று நேரம் கழித்து, "குடையுது" என்கிறார். இரவில், "நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருது" என்கிறார். குத்தல், குடைச்சல், கடுப்பு, கரிப்பு ஆகிய நான்கும் அவருக்கு வெவ்வேறு துன்பங்கள். மொழி தெரியாதவரின் குறிப்பேட்டில் நான்கும் 'வலி' என்ற ஒரே சொல்லாகிவிடும். வீட்டில் பாட்டியோடு வளர்ந்த இளந்தாதிக்கு வேறுபாடு கேட்டவுடனே புரியும். எதை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்றும் புரியும். 2030ஆம் ஆண்டளவில் மலேசியா முதியோர் மிகுந்த நாடாகும் என்று கணிக்கப்பட்டுள்ள வேளையில், இந்தக் காது ஓர் அனுபவமாகக் கணக்கிடப்படாதது விந்தைதான். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து மருந்தூட்டிக் கவனிப்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்காக வகுத்தவர் வள்ளுவர். மற்ற மூன்றுக்கும் நிகராக அவர் அந்த நான்காமவரை வைத்தார்.

பட்டதாரிகள் தரப்பிலும் மாற வேண்டியவை உண்டு. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பெரிய மருத்துவமனை கிடைக்கும்வரை காத்திருப்போம் என்று சிலர் மாதக்கணக்கில் வீட்டிலிருக்கிறார்கள். கைத்திறன் அப்படிக் காத்திருக்காது. ஊசி குத்தாத கை ஓராண்டில் தயங்கத் தொடங்கும். பி.டி.பி.டி.என் கடனும் காத்திருக்காது. சிறு நகர மருத்துவமனைகள், இரத்தச் சுத்திகரிப்பு மையங்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் ஆகியவற்றிலும் முதல் வேலை இருக்கிறது. இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் ஒரே நோயாளி வாரத்துக்கு மூன்று முறை வருகிறார். அவருடைய உடலின் சிறு மாற்றத்தைக்கூடக் கவனிக்கும் பழக்கம் அங்கே வருவதுபோல் வேறெங்கும் எளிதில் வராது. ஆனால், பதிவு பெற்ற தாதியை உதவியாளரின் ஊதியத்தில், உதவியாளரின் வேலைக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. அத்தகைய வேலையில் ஆண்டுகள் கூடும்; திறன் கூடாது. எந்த வேலையாக இருந்தாலும் ஏற்றுக்கொள் என்று பெற்றோர் வற்புறுத்துவது இங்கே சரியான அறிவுரை ஆகாது.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதும் மலையைப் பெயர்க்கும் வேலையன்று. புதிய இயந்திரம் ஒன்றை வாங்கினால், அதை இயக்கப் பழக நாள் ஒதுக்குகிறார்கள். அதே பொறுமை புதிய தாதிக்கும் வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குக் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகள், பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட்ட ஒரு மூத்த தாதி, அவர் உடனிருக்கும் நேரத்திலேயே இரவுப் பணி. அந்த மூத்த தாதியின் சொந்தப் பணிச்சுமையும் அக்காலத்தில் குறைக்கப்பட வேண்டும். இல்லையெனில் வழிகாட்டல் என்பது காகிதத்தோடு நின்றுவிடும். இதற்குச் செலவாகும் என்பது உண்மை. பயிற்சி பெற்றவுடன் வேறு இடத்துக்குப் போய்விடுவார்களே என்ற கவலையும் நியாயமானதே. அதனால்தான் பல மருத்துவமனைகள் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கேட்கின்றன. கற்றுக்கொடுப்பவர் அவ்வாறு கேட்பதில் தவறில்லை. எதையும் கற்றுக்கொடுக்காமல் ஒப்பந்தத்தால் மட்டும் கட்டிப்போடுவது வேறு. கையெழுத்திடும் முன் அந்த வேறுபாட்டைப் பட்டதாரி வாசித்துப் பார்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட்டுப் பெண் மீண்டும் பேருந்து ஏறுவாள். அடுத்த நேர்முகத் தேர்வின் முடிவில், "உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா?" என்று வழக்கம்போல் கேட்பார்கள். பெரும்பாலோர் இல்லை என்று தலையசைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அவள் எழாமல் கேட்கலாம்: "முதல் மூன்று மாதங்கள் என் பக்கத்தில் யார் இருப்பார்?"

மேசைக்கு அப்பால் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்களா, அல்லது வார்டிலுள்ள ஒரு மூத்த தாதியின் பெயரை உடனே சொல்வார்களா என்பதை அவள் கவனித்துக்கொள்ளட்டும்.