எண்ணிக்கையில் இல்லாத நாம்

மக்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறோம் என்கிறார்கள் செய்தித் தொலைக்காட்சி முதலாளிகள். எந்த மக்கள்? எண்ணியவர் யார்?

2020இல் நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் ஏறத்தாழ 21 கோடி. ‘பார்க்’ அமைப்பு அளவுக்கருவி பொருத்தியிருந்தது சுமார் 44 ஆயிரம் வீடுகளில். அதாவது ஒரு வீடு, 4,700க்கு மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசியது. இந்த டி.ஆர்.பி. கணக்கைப் பார்த்தே விளம்பரப் பணம் பாய்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் செய்தி பார்ப்போர் மொத்தத்தில் சிறு பகுதியினரே. சில வீடுகளை வளைத்தாலே வரிசை புரண்டுவிடும். அப்படிப் பணம் கொடுத்து வளைத்ததாக 2020 அக்டோபர் 8இல் மும்பைக் காவல்துறை குற்றம் சாட்டியது. ஒரே வாரத்தில் செய்திச் சேனல்களின் புள்ளி வெளியீடு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. வழக்கோ 2024இல் திரும்பப் பெறப்பட்டது. குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் இவ்வளவு சிறிய தராசில் நாட்டின் செய்தியை நிறுக்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதே 2020ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் இறுதியில், நம் நகரை அடுத்த கந்தியில் ஐ.ஐ.டி. கட்டடத் தொழிலாளர்கள் கூலி கேட்டும் ஊர் திரும்பக் கேட்டும் போராடினார்கள். மே 1 அதிகாலை லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு நாட்டின் முதல் தொழிலாளர் சிறப்பு ரயில் சுமார் 1,200 பேருடன் புறப்பட்டது. அவர்கள் கூலி வந்ததா, திரும்ப வேலை கிடைத்ததா என்று தொடர்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? ஜூனில் ஒரு நடிகர் இறந்தார். மாதக்கணக்கில் அரங்குகளில் அதே விசாரணை. அந்தப் போக்கை 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றமே கண்டித்தது. செய்தியாளரைக் களத்துக்கு அனுப்பச் செலவாகும். நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிடுவது மலிவு.

நம் நிலை இன்னும் மோசம். தமிழ்ச் சேனல்களின் போட்டி தமிழ்நாடு, புதுச்சேரிச் சந்தையில்தான். ஹைதராபாத்தில் நாம் இரவெல்லாம் பார்த்தாலும் அந்த வரிசை அசையாது. தெலுங்குச் சேனல்களுக்கோ நாம் வேற்று மொழிக்காரர். பிறகு நம் வாடகையும் கூலியும் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பும் எப்படிச் செய்தியாகும்?

கூட்டம் சேர்ந்தால் தரம் கெடும் என்று நாம் சொல்லவில்லை. உண்மைச் செய்திக்கும் கூட்டம் கூடும். கூட்டுவது நம் கையிலும் இருக்கிறது. கூச்சல் தொடங்கினால் நிறுத்துங்கள். நல்ல செய்தி கண்டால் அந்தச் சேனலுக்கு நாலு வரி எழுதுங்கள். உங்கள் பேட்டையில் நடப்பதைச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். எண்ணாதவர்களை எண்ண வைப்பதற்குத்தானே சங்கம்!