எண் பலகையும் காற்று வழியும்

கொல்கத்தாவின் நியூ டவுனுக்கு மணலும் சிமென்டும் சுமந்து வரும் லாரிகளுள் பல வங்கிக் கடனில் வாங்கப்பட்டவை. அவற்றின் முன் எண் பலகையை ரேடியேட்டர் கிரில்லின் மீது பொருத்தலாகாது என்பதே நம் கருத்து. கனரக வாகனப் பலகையின் அளவு 340 மி.மீ.க்கு 200 மி.மீ.; அதாவது 680 சதுர செ.மீ. பரப்பில் காற்று தடைபடும். முழுச் சுமையுடன் வெயிலில் ஊர்கையில் என்ஜின் சூடேறும். வண்டி நின்றால் வாடகை நிற்கும், தவணையும் தவறும். பம்பரில் தயாரிப்பாளர் ஒதுக்கிய இடமே உரியது. பலகையை வளைப்பதும் மறைப்பதும் தீர்வாகா. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்புப் பலகையைப் பூட்டியபின் இடம் மாற்றுவது எளிதன்று. ஆகவே வண்டியைப் பெறும் நாளிலேயே அதன் இடத்தைச் சரிபார்க்குமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம்.