கோடு கிழிக்கும் உரிமை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவரிடையே மருத்துவம் பேசப்படுகிறது, பொறியியல் பேசப்படுகிறது, சட்டம் பேசப்படுகிறது. வடிவமைப்புக் கல்வியைப் பற்றிப் பேசுவார் அரியர். மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளிலோ அச்சொல்லே அந்நியம். "சித்திரம் நன்றாக வரைகிறான்" என்ற பாராட்டோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடுகிறது. "சித்திரம் சோறு போடுமா?" என்ற கேள்வியோடு பெற்றோரின் ஆலோசனை முடிந்துவிடுகிறது. இவ்விரண்டுக்குமிடையில் அகப்பட்ட பிள்ளை, கையில் திறனும் கண்ணில் நுட்பமும் இருந்தும், கொழும்பில் ஒரு கடையின் கல்லாவுக்குப் பின்னாலோ ஆடைத் தொழிற்சாலையின் தையல் இயந்திரத்துக்கு முன்னாலோ போய்ச் சேர்கிறது.

ஆகவே கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்வோம். வடிவமைப்பில் நாட்டமுள்ள இளைஞனோ யுவதியோ அதனைப் பல்கலைக்கழகம் சென்று முறையாகக் கற்க வேண்டுமா? கைப்பழக்கமும் பட்டறை அனுபவமுமே போதுமா? இது தனிமனித விருப்பு வெறுப்பைப் பொறுத்தது எனப் பலர் எண்ணுவர். அன்று, இது வர்க்கப் பிரச்சினை. ஒரு பொருள் எவ்வாறு இருக்க வேண்டுமெனத் தீர்மானிப்பவன் ஒருவனாகவும், தீர்மானித்தபடி செய்து கொடுப்பவன் மற்றொருவனாகவும் பிரிந்து கிடக்கும் சமுதாயம் இது. தீர்மானிக்கும் மேசைக்குச் செல்லும் வழி யார் கையில் இருக்கிறது என்பதே இக்கேள்வியின் உட்பொருள்.

வடிவமைப்பு என்றால் பகட்டான ஆடையும் விளம்பரப் படமுமே என்று நினைப்போர், தோட்டத்து லயங்களைச் சற்றே பார்க்கட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடியாகக் காம்பிராக்கள். அனைத்துக்கும் ஒரே நீண்ட கூரை. ஒரு குடும்பத்தின் இருமல் மறு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கும் மெல்லிய சுவர். இது தானாக முளைத்ததா? யாரோ ஒருவர் காகிதத்தில் கோடு கிழித்தார். எத்தனை உடல்களை எவ்வளவு குறைந்த செலவில் அடைக்கலாம் எனக் கணக்கிட்டார். அதுவும் வடிவமைப்பே. நாள் முழுதும் தலையிலே கயிற்றைத் தாங்கிப் பெண்கள் சுமக்கும் கொழுந்துக் கூடையும் வடிவமைப்பே. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வாழ்வுக்கு வேறு யாரோ கோடு கிழித்தனர். அவ்வருகையின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணம் வந்தனர். இருநூறாண்டுகள் நடந்தும் நாம் அந்த மேசையை அடையவில்லை என்பதே உண்மை.

இப்பிரச்சினையில் இரண்டு கட்சியார் நம்மிடம் வாதாட வருகின்றனர்.

முதற் கட்சியார் இலட்சியவாதிகள். "கலை பிறவியிலே வருவது, பள்ளிக்கூடம் அதனைக் கொன்றுவிடும்" என்பது இவர்கள் மந்திரம். இவர்களுக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தம்புள்ளைக்கு அருகே தியபுபுலவில் வாழ்ந்து 2021இல் மறைந்த லக்கி சேனாநாயக்க எந்தக் கலைக்கல்லூரியிலும் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் 1979ஆம் ஆண்டின் நாணயத் தாள்களில் நாட்டின் பறவைகளையும் விலங்குகளையும் செடிகொடிகளையும் வரைந்தவர் அவரே. கந்தளமை ஹோட்டலின் படிக்கட்டின் மேலே சிறகு விரித்து நிற்கும் மாபெரும் ஆந்தையும் அவர் கைவண்ணமே. "அவருக்குத் தேவைப்படாத பட்டம் உனக்கு எதற்கு?" என்று தோட்டத்துப் பிள்ளையிடம் கேட்கிறார்கள்.

கேள்வி கவர்ச்சியானது, ஆனால் பாதி உண்மையே பேசுகிறது. லக்கி சேனாநாயக்க பல்கலைக்கழகம் செல்லவில்லை என்பது மெய். அவர் எங்கே சென்றார்? கொழும்பின் பெயர்பெற்ற கட்டடக்கலை அலுவலகத்திலே, ஜெப்ரி பாவாவின் அருகிலே, வரைபடக் கலைஞராக ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார். ஆசானும் சகாக்களும் இருந்தனர். வரைந்ததைக் கட்டி எழுப்பப் பணமுள்ள வாடிக்கையாளர் இருந்தனர். பள்ளிக்கூடம் என்பதற்கு வேறென்ன பொருள்? அது பெயர்ப்பலகை இல்லாத பள்ளிக்கூடம், அவ்வளவே. அதன் கதவு கந்தேநுவரையிலோ எல்கடுவையிலோ பிறந்த தோட்டப் பிள்ளைக்குத் திறந்திருந்ததா?

அந்த ஜெப்ரி பாவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் கற்றுச் சட்டத்தரணியாகியவர். 1948இல் லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கித் தம் விருப்பம்போல் வடிவமைக்கத் தொடங்கிய செல்வர். 'இயற்கை மேதை' என இன்று உலகம் புகழும் அவர், தம் ஆற்றல் போதுமென்று இருந்துவிட்டாரா? இல்லை. இலண்டன் கட்டடக்கலைக் கழகத்திலே மாணவராகச் சேர்ந்து, தம்மிலும் மிக இளையோருடன் வகுப்பில் அமர்ந்து, 1957இல் தமது 38ஆவது வயதிலேதான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். செல்வமும் செல்வாக்கும் சுவையும் நிரம்பியிருந்த மனிதருக்கே முறைசார் கல்வி தேவைப்பட்டது. இவை எதுவுமில்லாத பிள்ளையிடம் மட்டும் "உனக்கு அது வேண்டாம்" என்பது அறிவுரையா? கதவடைப்பா?

அலுவிகாரையில் எனா த சில்வா அம்மையார் (1922-2015) வளர்த்த பத்திக், தையற்பூ வேலைகளையும் இவர்கள் சான்றாகக் காட்டுவர். அவர் செய்தது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் தந்தார்; அவர்கள் வேலைக்கு உலக மதிப்புத் தேடித் தந்தார். அவரோ பொலிஸ் மா அதிபராகவும் பின்னர் இந்தியாவுக்கான உயர் ஸ்தானிகராகவும் இருந்த சேர் ரிச்சட் அலுவிகாரையின் மகள். பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரையை அலங்கரித்த பத்திக்குகளுக்கு வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது. மெழுகு காய்ச்சிச் சாயம் தோய்த்த கைகளின் பெயர்களை எத்தனை கலை நூல்கள் கூறுகின்றன? இது அம்மையாரின் குற்றமன்று. வரைபவனுக்குப் பெயரும் செய்பவனுக்குக் கூலியும் என்று வகுத்துவைத்த அமைப்பின் குற்றம்.

இன்னொரு வாதமும் உண்டு. "நம் கைவினைஞர் எந்தப் பட்டம் பெற்றனர்? ஹபுவிடையின் அரக்குவேலைக்காரர் தலைமுறை தலைமுறையாகச் செய்யவில்லையா?" என்பர். செய்தனர். அரக்கைச் சூட்டில் இளக்கி, நூலாக இழுத்து, விரல் நகத்தாலே அழுத்தி வெட்டிச் சிவப்பும் மஞ்சளுமாக மரத்தின்மேல் கோலமிடும் அத்தொழில் மாத்தளையின் பெருமை. கண்டி நாட்டுக் கைவினைகளைப் பற்றி 1908இல் பெருநூல் எழுதியவர் நம் தமிழறிஞர் ஆனந்த குமாரசுவாமி. ஏகாதிபத்தியச் சந்தை கைவினைஞனின் வயிற்றில் அடித்ததை அவர் சரியாகவே கண்டார். ஆனால் அப்பழைய ஒழுங்கைப் போற்றும் ஆர்வத்தில், அது சாதியால் பூட்டப்பட்ட ஒழுங்கு என்பதை அவர் போதிய கண்டிப்போடு எடைபோடவில்லை. தந்தையின் உளியை மகன் பெற்றான். பிறன் மகன் பெற முடியாது. மகன் அதனை விட்டு விலகவும் முடியாது. 1832இல் இராசகாரியம் சட்டத்தால் ஒழிந்த பின்னும், பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கும் வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. குலத்தொழிற் கல்வியைப் பொற்காலமெனப் பாடுவோர், அப்பொற்காலத்தில் தமக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

அலுவிகாரை நமக்கு வேறொரு பாடமும் சொல்கிறது. வாய்மொழியாக, நினைவிலே காக்கப்பட்டு வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது. பஞ்சமும் போரும் பிக்குகளைக் கொன்றொழித்தபோது, உடலோடு நினைவும் அழிந்துவிடும் என்று உணர்ந்தே எழுதினார்கள். கையறிவும் அத்தகையதே. எழுதப்படாத, ஒழுங்குபடுத்தப்படாத, எல்லோருக்கும் கற்பிக்கப்படாத அறிவு, அதைக் கொண்ட கடைசி மனிதனோடு சுடுகாட்டுக்குச் செல்கிறது. முறைசார் கல்வி என்பது ஒருவனது அறிவை அனைவருக்கும் உரியதாக்கும் ஏற்பாடு. அதனை வெறுப்பது முற்போக்கு ஆகாது.

இரண்டாவது கட்சியார் வியாபாரிகள். இவர்கள் கல்வி வேண்டாமென்று கூறுவதில்லை. "எங்களிடம் வாங்கு" என்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த சான்றிதழ், குளிரூட்டிய வகுப்பறை, இலட்சக்கணக்கில் கட்டணம். 2021இலேதான், அதுவும் நெடுநாட் போராட்டத்தின் பின்னர், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பம் தாலியை அடகுவைத்து இச்சான்றிதழை வாங்கினால், கடனோடு வெளிவரும் பிள்ளை முதலில் கிடைக்கும் முதலாளியின் காலடியில் விழுவதைத் தவிர வேறு வழியுண்டா? கடன்பட்டவனுக்குக் கற்பனைச் சுதந்திரம் இல்லை. இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. அதன் பயன் தோட்டத்தை எட்டுவதற்கோ, தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும்வரை, இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் சென்றது. காலந்தாழ்த்திக் கிடைத்த உரிமையைக் கடைச்சரக்குக்குப் பதிலாகக் கைவிடலாகாது.

ஆதலால் நம் முடிவு இது. நாட்டமும் திறனும் உள்ள பிள்ளை வடிவமைப்பை முறையாகக் கற்கவே வேண்டும்; அரச பல்கலைக்கழகத்திலே, இலவசமாகக் கற்க வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பயில இடமுண்டு. மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் கட்புலக் கலைகள் கற்பிக்கப்படுகின்றன. இவை மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. தேயிலையும் இறப்பரும் ஈட்டிய பணமும் அதில் உண்டு. அங்கே அமர நம் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு, அது தயவன்று.

அப்பல்கலைக்கழகங்கள் குறையற்றவை என்று நாம் கூற வரவில்லை. மொறட்டுவையில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. நுழைவதற்கு முன் உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் உண்டு. கொழும்புப் பிள்ளை அதற்குப் பயிற்சி பெற்றுச் செல்கிறது. நம் பிள்ளையோ அப்படியொரு பரீட்சை இருப்பதையே விண்ணப்பத் திகதி கடந்த பின்னர் அறிகிறது. ஏற்றுமதி ஆடைத் தொழிலின் தேவையே பாடத்திட்டத்தின் தேவையாகிவிடும் அபாயமும் உண்டு. இவற்றைக் கண்டு விலகி நிற்பதா, உள்ளே நுழைந்து மாற்றுவதா? வெளியே நிற்பவனின் கண்டனம் வாயிற்காவலனின் காதோடு நின்றுவிடும்.

உலக வரலாறும் இதையே காட்டுகிறது. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தோன்றிய பௌஹவுஸ் கலைஞனையும் கைவினைஞனையும் ஒரே பட்டறையில் நிறுத்த முயன்றது. 1928இல் அதன் தலைமையை ஏற்ற ஹன்னஸ் மேயர், ஆடம்பரத்தை விடுத்து மக்களின் தேவையையே வடிவமைப்பின் அளவுகோலாக்கினார். அவரது இடதுசாரி அரசியலுக்காகவே 1930இல் விலக்கப்பட்டார். 1933இல் நாஜிகளின் நெருக்குதலால் அப்பள்ளியே மூடப்பட்டது. மொஸ்கோவில் 1920இல், லெனின் கையொப்பமிட்ட ஆணையால் தோன்றிய வ்ஹுதெமாஸ், உழைப்போர் பிள்ளைகளுக்கும் கலைத் தொழிற்கல்வியைத் திறந்துவிட்டது. அஹமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமோ 1961இல் எழுந்தது. அதற்கு வழிகோலிய 1958ஆம் ஆண்டு அறிக்கை, பெயரறியாத மக்கள் தலைமுறைகளாக உருவாக்கிய சாதாரணச் செம்பையே சிறந்த வடிவமைப்பாகப் போற்றியது. பள்ளிக்கூடம் பயனற்றதாயின் பாசிசம் அதனைக் கண்டு அஞ்சியிருக்க வேண்டியதில்லை. அதே சமயம், அதே பௌஹவுஸிலே பெண்களிற் பெரும்பாலோர் நெசவுப் பட்டறைக்கே ஒதுக்கப்பட்டனர் என்பதையும் மறவோம். உள்ளே நுழைந்த பின்னும் போராட்டம் தொடரும்.

"இனி இயந்திரமே படம் வரைகிறதே, வடிவமைப்பாளன் எதற்கு?" என்று புதிதாக ஒரு குரல் கேட்கிறது. கணினி ஒரு நொடியில் நூறு கூடைகளை வரைந்து தரும் என்பது மெய்யே. எந்தக் கழுத்து வலிக்கிறது என்று அது கேட்குமா? குளியலறையை எங்கே வைத்தால் இரவில் ஒரு பெண் அச்சமின்றிச் செல்லலாம் என்பது அதற்குத் தெரியுமா? லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச்சில் தனி வீடு என்ற திட்டம் வந்தபோது, அவ்வீட்டின் வரைபடத்தைப் போட்ட மேசையில், அடுப்பூதும் கைகளுக்குரிய ஒருத்தி அமர்ந்திருந்தாளா? இக்கேள்விகளைக் கேட்கப் பிறந்தவர்கள் தோட்டத்திலேதான் இருக்கிறார்கள். கேட்டதைக் கோடாகவும் அளவாகவும் மாற்றும் பயிற்சியே அவர்களுக்கு இன்னும் கிட்டவில்லை.

ஆசிரியத் தோழர்களே! முடிவெடுக்க வேண்டியவர் மாணவர் மட்டுமல்லர். வாரத்தில் ஒரு நாள், பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரம், வரைதலுக்கு ஒதுக்குங்கள். பூவும் மயிலும் மட்டும் வரையச் சொல்லாதீர்கள். லயத்தின் தரைப்படத்தை அளந்து வரையச் சொல்லுங்கள். கூடையை எடையிட்டு, அதன் பட்டி எங்கே அழுத்துகிறது எனக் குறிக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் வெளிவந்த நாளிலேயே உளச்சார்புப் பரீட்சையின் திகதியைச் சுவரில் ஒட்டுங்கள். ஹபுவிடைக்கும் அலுவிகாரைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சிங்களக் கைவினைஞனும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் ஒரே சந்தையின் இரு கைதிகள் என்பதை அவர்கள் கண்ணாற் காணட்டும்.

மாணவ நண்பர்களே! விண்ணப்பியுங்கள். ஆங்கிலம் அச்சுறுத்தினால், அதைப் பகையெனக் கருதாமல் கருவியெனக் கைப்பற்றுங்கள். இடம் கிடைக்காவிடின் அச்சகத்திலும் தச்சுப் பட்டறையிலும் தையற் கடையிலும் கற்றுக்கொண்டே அடுத்த ஆண்டும் முயலுங்கள். இடம் கிடைத்தால், கற்றதைக் கொழும்பின் கண்ணாடி மாளிகைகளுக்கு மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள். உங்களுக்காகக் காத்திருக்கும் முதல் வேலை மலைச்சரிவிலே, ஒரே கூரையின் கீழ், நீண்ட வரிசையாக நிற்கிறது.