கைச்ச கூழும் செத்தவீட்டு வரிசையும்

பழைய கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்தால் புதுக்கதை வராது. முதல் பத்து நிமிடம் சோதனை, வேலை, ஆருக்குக் கலியாணம், ஆர் வெளிநாடு போறான் என்று ஓடும். பிறகு யாரோ ஒருத்தர் "டேய், அந்தக் கூழ்..." என்று தொடங்குவார். அவ்வளவுதான். ஏற்கெனவே நாற்பது தரம் கேட்ட கதையை நாற்பத்தோராம் தரம் கேட்கத் தொடங்கிவிடுவோம். பக்கத்து மேசையில் இருக்கிறவர்களுக்கு எங்களைப் பார்த்தால் விசர்க்கூட்டம் போலத்தான் தெரியும்.

இந்தப் பழக்கத்தைப் பற்றி இரண்டு குறை கேட்டிருக்கிறோம். "வேலைவெட்டி இல்லாமல் அலட்டுதுகள்" என்பது வீட்டுக்காரர் சொல்வது, அதை விடுவோம். மற்றது எங்கள் பீடத்திலேயே கொஞ்சம் கூடுதலாகப் புத்தகம் படித்தவர்கள் சொல்வது. கூட்டாளிகளின் பகிடி என்பது யாரோ ஒருத்தரைக் கீழே போட்டு மற்றவர்கள் அவர்மேல் ஏறி நிற்பதுதான், சிரிக்கிற எல்லாருக்கும் அதில் பங்கிருக்கு என்கிறார்கள். இதை நாங்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் முழுதாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ஏன் என்று சொல்ல முதல் கூழைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023 இல் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊரில் பார்ட்டி என்றால் எல்லாரும் நினைக்கிற மாதிரி பாட்டும் வெளிச்சமும் இல்லை, வளவுக்குள் மூன்று கல்லு வைத்து ஒடியல் கூழ் காய்ச்சுவதுதான். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபா. நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. கூழ் காய்ச்சினவர்களுக்குத் தெரியும், ஒடியல் மாவை முதலே தண்ணியில் ஊறப்போட்டு, தெளிந்த தண்ணியை ஊற்றிப்போட்டு, திரும்பவும் புதுத்தண்ணி விட வேண்டும். இல்லாவிட்டால் கைக்கும். அந்த ஒரு வேலையை ஒருத்தனிடம் கொடுத்தோம். அவன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாவைக் கரைத்து நேரே பானைக்குள் ஊற்றிவிட்டான்.

இதில் பகிடி கூழ் கைத்தது இல்லை. பனையோலைப் பிளாவில் முதல் வாய் குடித்தவன் ஒன்றும் சொல்லாமல், "ஆகா, அந்தமாதிரி" என்று தலையை ஆட்டினான். தான் மட்டும் கஷ்டப்படக் கூடாதென்று. இரண்டாவது ஆளும் அப்படியே. ஒவ்வொருத்தராகக் குடித்து, கண் கலங்க, "நல்லாருக்கு மச்சான்" என்று அடுத்த ஆளுக்குக் கொடுத்து, பன்னிரண்டாவதாக மாவைக் கரைத்தவனிடமே பிளா போய்ச் சேர்ந்தது. அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆரடா மா கரைச்சது?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து அவனுக்குக் "கைச்சல்" என்று பட்டம். முதலில் மிச்சக் கூழை நாய் குடிக்கவில்லை என்று சொன்னோம். இப்போது காகமும் குடிக்கவில்லை, ஊற்றின இடத்தில் புல்லும் முளைக்கவில்லை. இந்த எல்லாச் சேர்க்கையும் அவனே போட்டது! தன்னுடைய கதையை எங்களைவிட நல்லாச் சொல்கிறவன் அவன்தான். தான் கூட்டாளிகளின் நீரிழிவு நோயைத் தடுக்கத்தான் அப்படிச் செய்ததாக ஒரு புது வாதமும் வைத்திருக்கிறான். இந்தக் கட்டுரையை அவனுக்கு வாசித்துக் காட்டினோம். "கிரிக்கெட் எண்டு போடாதேங்கோ, இந்தியா-இலங்கை மட்ச் எண்டு போடுங்கோ, அப்பத்தான் ஒரு நியாயம் இருக்கும்" என்றான்.

கீழே போட்டு மிதிப்பது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதில்லை. விழுந்தவன் கதைக்குள் இருக்கிறான், பதில் சொல்கிறான், கதையைத் திருத்துகிறான். அவனிடமும் எங்கள் ஒவ்வொருத்தரைப் பற்றியும் இரண்டு மூன்று கதை கையிருப்பில் இருக்கிறது. ஒருத்தருடைய கணக்கில் மட்டும் கடன் ஏறுகிற வியாபாரம் இல்லை இது.

2022 இல் இன்னொருத்தனுக்கு நடந்தது இதைவிடப் பெரிது. அந்த வருடம் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திராது. ஜூலையில் கியூஆர் முறை வருவதற்கு முதல், இரவிரவாக மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவது சாதாரணம். இவன் மாமாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்குப் போயிருக்கிறான். கரண்டும் இல்லை. ஒழுங்கை முகப்பில் இருட்டுக்குள் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். கடைசியில் தன்னுடையதையும் விட்டுவிட்டு, ராங்கியில் தலையை வைத்துப் படுத்துவிட்டான். விடிய ஒரு கிழவி ஒப்பாரி வைக்கிற சத்தத்தில்தான் எழும்பினான். அது பெற்றோல் செட் வரிசை இல்லை, செத்தவீட்டுக்கு வந்தவர்கள் விட்ட வாகனங்கள். அதைவிடப் பகிடி, அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து வரிசையில் நின்றதுதான். வீட்டுக்காரர் வந்து "தம்பி இரவு முழுக்க இருந்திருக்கிறீர், தேத்தண்ணி குடியும்" என்று கொடுக்க, இவன் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, எடுக்கும் வரைக்கும் நின்றுவிட்டு வந்தான். இறந்தவர் யார் என்று இன்றைக்கும் தெரியாது.

அவன் இப்போது ரொறொன்ரோவில். கோடையில் எங்களுக்கும் அங்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். ஞாயிறு இரவு நாங்கள் கோல் எடுத்தால் அவனுக்குக் காலமை. நாங்கள் பின்னால் நின்றவர்களை ஒன்பது பேராக்கினால் "டேய், நாலு பேர்தான்ரா" என்று அங்கிருந்தே திருத்துகிறான். அவனும் பனியில் சறுக்கி விழுந்த கதை, வேலையிடத்தில் மனேஜரின் சாப்பாட்டை மாறிச் சாப்பிட்ட கதை எல்லாம் சொல்லிப் பார்த்தான். நாங்களும் சிரித்தோம், ஆனால் அந்த மனேஜரை எங்களுக்குத் தெரியாது, அந்த ரோட்டைத் தெரியாது. இரண்டு நிமிடத்தில் அவனே "சரி, அந்தக் கூழை ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டான். அதைக் கேட்க எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இந்தப் பழக்கம் எங்களோடு தொடங்கினதும் இல்லை. எங்கள் அப்பாமார் பழைய சிநேகிதர்களோடு விறாந்தையில் இருந்து 1995 ஒக்ரோபர் 30 இடம்பெயர்வைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பதைச் சின்னனில் கேட்டிருக்கிறோம். வலிகாமமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிப் போன இரவு அது. ஒரு மாமா காணி உறுதி இருக்கிற பெட்டி என்று நினைத்துச் சாவகச்சேரி மட்டும் தலையில் சுமந்துகொண்டு போய்த் திறந்து பார்த்தால், உள்ளே கழற்றிப் போட்ட ரேடியோச் சாமான்கள். உறுதி வீட்டில் தலையணைக்குக் கீழே. இதைச் சொல்லி அவர்கள் வயிறு நோகச் சிரிப்பார்கள், அந்த மாமாதான் கூடச் சிரிப்பார். நாங்கள் ஒருநாள் அதே கதையை எடுத்துவிட, விறாந்தை அப்படியே அமைதியாகிவிட்டது. நடந்தவர்களுக்கு இருக்கிற உரிமை கேட்டவர்களுக்கு இல்லை என்று அப்போது யாரும் எங்களுக்கு விளக்கம் சொல்லவில்லை, அந்த அமைதியே போதுமாக இருந்தது.

இனி அந்தப் புத்தகம் படித்தவர்கள் சொல்வதில் எங்கே நியாயம் இருக்கிறது என்று பார்ப்போம். எங்கள் மொழியில் ராகிங்குக்கு வைத்திருக்கிற பெயர் பகிடிவதை. பகிடியையும் வதையையும் ஒரே சொல்லில் ஒட்டிவைத்திருக்கிறோம், அதனால்தானோ என்னவோ செய்தவர்களுக்குப் பகிடி மட்டும் ஞாபகம் இருக்கிறது. சீனியர்மார் வருடங்கள் கழித்து ஒன்றுகூடும்போது சொல்கிற கதைகளைக் கேட்டுப் பாருங்கள். "ஃபெர்ஸ்ட் இயரில ஒருத்தனை..." என்றுதான் தொடங்கும். அந்த "ஒருத்தன்" அந்த மேசையில் இருக்கமாட்டான். அவனுக்கு வைத்த பட்டம் ஞாபகம் இருக்கும், சொந்தப் பெயர் ஞாபகம் இருக்காது. கைச்சலுக்கு ஒரு பானை கூழைக் கெடுத்த பிறகுதான் பட்டம் கிடைத்தது. இங்கே ஆளைத் தெரிய முதலே பட்டம் தயார். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கதைகள் "அந்தக் காலத்துப் பம்பல்" என்றே சொல்லப்படுகின்றன. அதற்கு நாங்கள் சிரிக்கத் தேவையில்லை, சபை மரியாதைக்குக்கூட.

இரண்டாவது, வீடியோ. எங்களுக்குத் தெரிந்த வேறொரு கூட்டத்தில் நடந்தது இது. கடற்கரையில் பிறந்தநாள் பார்ட்டி. முதல் தரம் குடித்த ஒருத்தன் சத்தி எடுத்து, மணலில் இருந்து "அம்மா" என்று அழுதிருக்கிறான். இருபது செக்கன் கிளிப். முதலில் அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில்தான் இருந்தது, பிறகு அவனுடைய தங்கச்சி படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. அவன் இப்போது அந்தக் கூட்டத்தோடு சேருவதில்லை. வாயால் சொல்லியிருந்தால் இதே சம்பவம் நல்ல கதையாக வந்திருக்கும். யாராவது அழுகையை விட்டுவிட்டுச் சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் அவனே "கடல் தண்ணியைக் குடிச்சுப்போட்டன்" என்று மாற்றியிருப்பான். கூட்டாளிகள் ஒரு கதையை நாற்பது தரம் சொல்வது எதற்கு என்றால், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் சேர்த்து, விழுந்தவனுக்கு நோகாத இடத்துக்குக் கொண்டுவரத்தான். வீடியோவில் அது நடக்காது. நாற்பதாம் தரமும் அவன் அழுதுகொண்டுதான் இருப்பான்.

எங்கள் கூட்டத்தில் போன் எடுக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. குடிக்கிற நேரம் யாராவது கமெராவைத் தூக்கினால் பக்கத்தில் இருக்கிறவர் கையால் மறைப்பார், அவ்வளவுதான்.

மூன்றாவது விடயத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை. எங்கள் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் பெண்கள். பெடியன் ஒருத்தன் நல்லா ஏத்திவிட்டு, இரவு இரண்டு மணிக்குத் தன் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டு மதிலேறிக் குதித்து, அவர்களின் சாய்மனைக் கதிரையில் நித்திரை கொண்டான். இந்தக் கதையை அவனுடைய அம்மாவே வருகிற போகிறவர்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறா. அந்த இரவு கேற்றடியில் இரண்டு மணிவரை நின்றதும் அவதான், அந்தப் பகுதியை மட்டும் சொல்வதில்லை.

எங்கள் சிநேகிதி ஒருத்தி பின்னேர வகுப்பு முடித்து யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினாள். நெல்லியடியில் இறங்க வேண்டியவள் நித்திரையாகிப் பருத்தித்துறை பஸ் நிலையத்தில் போய்த்தான் கண் முழித்தாள். இரவு ஏழரை. போனில் சார்ஜ் இல்லை. குடிக்கவில்லை, மதிலேறவில்லை, களைத்துப்போய்க் கண்ணயர்ந்தாள். வீட்டில் அந்த அரையாண்டு முழுக்கப் பின்னேர வகுப்பு நின்றுபோனது. அந்தக் கதையை அவள் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள், ஆனால் முடிவில் எப்போதும் "வீட்டை போய்ச் சொல்லிப்போடாதேங்கோ" என்று ஒரு வால் இருக்கும். பெடியனுக்கு நடந்தால் மெடல், பெட்டைக்கு நடந்தால் குற்றப்பத்திரிகை. எங்கள் கூட்டத்துப் பெடியளில் இரண்டு பேர் "அது வீட்டுக்காரரின் பிரச்சினை, நாங்கள் என்ன செய்யிறது" என்கிறார்கள். அது சரியில்லை. மதிலேறின கதையை ஊர் முழுக்கக் காவுகிறவர்கள் நாங்கள்தான். பெண்கள் கூழ் குடிக்க ஆறு மணிக்குப் பிறகு நின்றார்கள் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்துகிறவர்களும் நாங்கள்தான். வீட்டுக்காரருக்கு எது பகிடி, எது மானப்பிரச்சினை என்று பழக்கிவிடுவதில் எங்கள் வாய்க்கும் பங்கிருக்கு.

பஸ் கதையை இந்த அளவுக்கு எழுத அவள் சம்மதம் தந்திருக்கிறாள். வேலை கிடைத்து முதல் சம்பளம் எடுக்கிற அன்று அதை அம்மாவுக்கு முன்னாலேயே முழுதாகச் சொல்லப் போகிறாளாம், நாங்கள் எல்லாரும் வந்து இருக்க வேண்டுமாம். முடிவில் கொண்டக்டர் சொன்ன ஒரு வசனம் இருக்கிறது, அந்தக் கதையில் பெரிய சிரிப்பே அதுதான். அதை மட்டும் இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.