ஆமையின் ஆயுளுக்கு யார் பொறுப்பு?

அலங்கார மீன் விற்கும் கடைகளில் இப்போது மீன்களுக்குப் பக்கத்திலே சின்னஞ்சிறு ஆமைகளும் நீந்துகின்றன. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு, ஐந்து ரூபாய்க் குற்றியை விடச் சற்றுப் பெரிய உடல். "வாங்கித் தாங்க வாப்பா" என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். பிறந்தநாள் பரிசாகவும் சிலர் கொடுக்கிறார்கள். இந்தப் பழக்கம் நல்லதல்ல என்பதே எனது கருத்து.

செங்காது ஆமை எனப்படும் இந்த ஆமை நம் நாட்டுக்கு உரியதல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியே அதன் தாயகம். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, சில வருடங்களில் சோற்றுப் பீங்கான் அளவுக்கு வளர்ந்துவிடும். பெண் ஆமை 25 சென்ரிமீற்றரையும் தாண்டும். நன்றாகப் பராமரித்தால் 30 வருடங்கள்கூட வாழும். ஆறாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி இன்று அதை வாங்கினால், அவள் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகம் போய், மணமுடித்து, தன் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போதும் அது உயிரோடிருக்கக்கூடும். அதுவரை அதைப் பார்ப்பது யார்?

ஒரு கண்ணாடிப் போத்தலும் கொஞ்சம் தண்ணீரும் அதற்குப் போதாது. தாராளமாக நீந்த ஆழமான தண்ணீர் வேண்டும். ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு கல்லோ பலகையோ வேண்டும். நேரடி வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடியூடாக வரும் வெயிலில் அதற்குத் தேவையான புறஊதாக் கதிர் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும். அந்தக் கதிரும் கல்சியமும் குறைந்தால் ஓடு மெதுமையாகி வளைந்துபோகும். பாணும் சோறும் அதன் உணவல்ல. குஞ்சுக்குப் புழு, சிறு மீன் போன்றவை வேண்டும். வளர வளர இலை தழைகளையும் கூடுதலாக உண்ணும். அழுக்கும் அதிகம், தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

நம் ஆரோக்கியமும் இதில் இருக்கிறது. சுகமாகத் தெரியும் ஆமையின் உடலிலும் சல்மொனெல்லா பக்டீரியா இருக்கலாம். இதனாலேயே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பது 1975இல் தடை செய்யப்பட்டது. தொட்டால் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். தொட்டியைக் குசினியில் கழுவவே கூடாது.

"அப்படியானால் நம் நாட்டு நட்சத்திர ஆமையை வளர்க்கலாமே" என்று சிலர் கேட்கலாம். அது தரை ஆமை. காய்ந்த நிலமும் புல்லும்தான் அதற்கு வேண்டும். ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் காட்டிலிருந்து பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். கள்ளக் கடத்தலால் குறைந்துவரும் இந்த இனத்தின் சர்வதேச வர்த்தகமும் 2019இல் தடை செய்யப்பட்டது.

பிராணி வளர்ப்பது பிள்ளைகளுக்கு இரக்கத்தைக் கற்றுக் கொடுக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அலுத்துப்போனதும் குளத்தில் கொண்டுபோய் விடும்போது பிள்ளை கற்பது இரக்கமல்ல, கைகழுவுவதைத்தான். அது ஆமைக்குக் கொடுக்கும் விடுதலையுமல்ல. செங்காது ஆமை உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களுள் ஒன்று. நம் குளங்களில் வாழும் பாலாமையினதும் கறுப்பாமையினதும் உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் அது போட்டியாக வந்துவிடும்.

ஆகவே தோழிகளே, ஏற்கனவே வீட்டில் ஆமை இருந்தால் அதைக் கடைசிவரை ஓர் அமானிதமாகப் பாருங்கள். முடியாவிட்டால் பார்க்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். குளத்தில் மட்டும் விடாதீர்கள். இனி வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்குமுன் அதன் ஆயுளைக் கேளுங்கள். அத்தனை வருடங்கள் பார்க்க முடியாதென்றால், வாங்காமல் விடுவதே அந்தச் சீவனுக்கு நாம் காட்டும் அன்பு.